சுவர் தாண்டாத வசனம்

என்னை ஏசி ஏசியே செபத்துக்கு இழுத்துவந்த என் அன்பான கிறேஸுக்கு,

நீ போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. வாவித் தண்ணீர் இப்போது நம் பின்வேலியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்குள் நான் ஒருவன்தான். பேச ஆளில்லாமல் ரேடியோவோடு சண்டை பிடிக்கிறேன் என்றால் நீ சிரிப்பாய்.

போதகர் வருகிறார். நல்ல மனுசன். துயரப்படுகிறவர்கள் ஆறுதலடைவார்கள் என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். எனக்குக் கோபம்தான் வருகிறது. எப்போது அடைவார்களாம்?

மாலைச் செபத்தை மட்டும் விடவில்லை. விட்டால் நீ விடுவாயா? நம் வழக்கப்படியே 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்று தொடங்கும் இருபத்துமூன்றாம் சங்கீதம். ஒன்று, மூன்று, ஐந்து உன் வசனங்கள். இரண்டு, நான்கு, ஆறு என்னுடையவை. உன் முறை வரும்போது வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். அதையும் நானே சொன்னால், நீ இனி வரமாட்டாய் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இந்த வீட்டில் இப்போது அரைச் சங்கீதம்தான்.

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டுச் சுகந்தி வந்தாள். கொக்கட்டிச்சோலைப் பிள்ளை, புருசன் கட்டாரில் வேலை என்று நீ இரக்கப்படுவாயே, அவள்தான். சின்னவளை டெங்குக் காய்ச்சலென்று ஆசுபத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்துவிட்டார்களாம். உடுப்பு எடுக்க வந்தவள் நம் வாசலில் நின்று அழுதாள்.

"ஐயா, கிறேஸ் அம்மா பின்னேரத்தில சொல்ற மேய்ப்பர் செபத்த ஒருக்காச் சொல்லுங்க. எனக்குப் பயமா இரிக்கி."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கத்தில் இரண்டாம் வசனத்தில் தொடங்கிவிட்டேன்.

"அதில்லையே ஐயா, முதல்ல வேற வரும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உன் முதல் வசனத்தைச் சொன்னாள். நீ இழுக்கும் அதே இழுப்பு! நான் இரண்டாவதைச் சொல்ல, அவள் மூன்றாவதைச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டே பாடமாக்கியிருக்கிறாள்.

நான்காவது என்னுடையது. மரண இருளின் பள்ளத்தாக்கில் நடந்தாலும் பயப்படேன், நீர் என்னோடு இருக்கிறீர் என்ற வசனம். அவள் தொடராமல் என்னையே பார்த்தாள்.

"இத நான் கேட்டதே இல்ல ஐயா. அம்மா சொல்லுவா, மறுகா கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் வராது. அவ தனியத்தான் கும்பிடுறா எண்டு நினைச்சன்."

தனியவா! பக்கத்தில் நான் இருந்தேனே! "வாய்க்குள்ள முணுமுணுக்காதீங்க, கர்த்தருக்குக் கேக்கும், எனக்குக் கேக்க வேணாமா?" என்று நீ எத்தனை தரம் ஏசியிருப்பாய்.

"அதையே இன்னொருக்காச் சொல்லுங்க ஐயா."

சொன்னேன். வாய்க்குள் அல்ல, சத்தமாக. பள்ளத்தாக்கே வராது என்று சங்கீதம் பாடிய தாவீது சொல்லவில்லை, கிறேஸ். அதற்குள் நடக்கும்போது கூட ஒருவர் வருகிறார் என்றுதான் சொல்கிறான். ஆயுள் முழுக்கச் சொன்ன வசனம் நேற்றுத்தான் என் காதிலேயே விழுந்தது. பிறகு அவள் ஐந்தாவதைச் சொன்னாள், நான் ஆறாவதைச் சொல்லி முடித்தேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. உன்னை அடக்கம் செய்த பிறகு கோயிலைத் தவிர வேறெங்கும் போகாதவன், நாளைப் பின்னேரம் ஆசுபத்திரிக்குப் போகிறேன். கட்டிலடியில் நின்று உன் வசனங்களைச் சுகந்தி சொல்லுவாள். என்னுடையவற்றை நான் சொல்லுவேன், வாட்டு முழுக்கக் கேட்கும்படி. உனக்கும் கேட்கும்படி.

இனி முணுமுணுக்காத,
உன் மனிசன்