உன் மகள் எழுதியதை நம்ப ஆளில்லை

நான் பெற்ற ராசா, என் ரவி,

இந்த வருஷத் திவசத்துக்கு உன் படத்துக்கு மாலை போட்டாயிற்று. பருப்பு வடை சுட்டுப் படைத்தேன். வழக்கமாக அதோடு என் மனசு கொஞ்சம் ஆறும். இந்த முறை ஆறவில்லை. உன்னிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால்தான் பேப்பரில் நினைவஞ்சலிப் பக்கத்தில் கொஞ்சம் பெரிய இடமாகக் கேட்டு வாங்கினேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவள்தான் நான். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன்.

நம் வரிசை வீடுகளுக்கு மேலே மரம் அறுத்து விற்கிற மரக்காலை இருந்ததே, அந்த இடத்தில் ஒரு உயரமான மாடிக்கட்டடம் வரப்போகிறது. கண்டியில் இவ்வளவு உயரத்துக்கு வேறெதுவும் இல்லை என்கிறார்கள். தகர வேலியில் படம் ஒட்டியிருக்கிறார்கள். உடம்பு முழுக்கக் கண்ணாடி, உச்சியில் மட்டும் அந்தக் காலத்து அரண்மனைக் கூரை மாதிரி ஒரு தொப்பி, பல்கனிக்குப் பல்கனி ஒரு மரம். நீ பார்த்தால் சிரித்திருப்பாய். கொழும்பில் எத்தனை மாடிக் கட்டடங்களுக்குப் பிளான் வரைந்தவன் நீ. "உசரத்தப் பாத்து வாயப் பொளக்காதீங்கம்மா, அடியில என்ன இருக்குன்னு பாருங்க" என்பாய்.

அடியைப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று புல்தரை. ஒரு தாயும் பிள்ளையும் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அவர்கள் நடக்கிற அந்த இடத்தில்தான், ராசா, நம் வீடு நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பரீனாவின் வீடும் மற்ற எல்லார் வீடும் அங்கேதான். வரைந்தவர்கள் எங்களைத் துடைத்துவிட்டுப் புல் நட்டிருக்கிறார்கள். கார் நிறுத்த இடம் வேண்டுமாம், அதற்காக நம் பின்சுவருக்கு மேலே மலையைக் குடைந்து இறங்கப் போகிறார்கள். ஹேவாஹெட்டப் பக்கம் மண் சரிந்தது என்று கேட்டாலே எனக்குக் கை கால் ஓடுவதில்லை. மலையின் காலையே வெட்டினால் நாங்கள் எங்கே போவோம்?

ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் கொடுங்கள் என்று நோட்டீஸ் போட்டார்கள். அப்பாடா, எழுதத்தானே வேண்டும், வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். உன் மகள் தர்ஷினி இப்போது பத்திரிகைகளில் கட்டுரை எழுதுகிறாள், உனக்குத் தெரியுமா? அவள் பெயர் அச்சில் வந்த பேப்பரை நான் மார்க்கெட் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டாத ஆள் இல்லை.

வரிசைக்காரர்கள் எல்லாருக்கும் தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். வீடு வீடாக வந்து கேட்டு எழுத வேண்டும், ஒரு வாரம் கொடுங்கள் என்றாள். பரீனாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "என்னத்துக்கு மகள் ஒரு கிழம? ஃபோன்ல கேட்டா இப்பவே எழுதித் தருது" என்றாள். ஃபோனுக்குள் இருக்கிற ஏஐயிடம் கேட்டாள், அது எழுதியும் தந்தது. மணிமணியான வார்த்தைகள். அதை எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். அவரவர் பெயரை மாற்றி அவரவர் கொடுத்தார்கள்.

தர்ஷினி மட்டும் தன் பாட்டில் எழுதினாள். மழைக்கு எந்த வீட்டுக்குள் தண்ணீர் வரும், எந்தச் சுவர் வெடித்திருக்கிறது, எந்தப் பக்கத்து மண் காலை வைத்தால் அமுங்கும் என்று ஒவ்வொருவராய்க் கேட்டாள். குசினி மேசையில் உட்கார்ந்து எழுதுவாள், கிழிப்பாள், மறுபடி எழுதுவாள். முதல் வரி சரியாக வராமல் ஒரு நாள் சாப்பிடக்கூட இல்லை. கடைசியில் கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

விசாரணைக்கு நானும் போயிருந்தேன். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் கடிதங்களை ஒரே குவியலாக மேசையில் போட்டார். "இதெல்லாம் ஃபோன் எழுதினது. கடிதம் ஒண்டுதான், பேர்தான் வேற" என்றார். பிறகு தர்ஷினியின் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். "இது கொஞ்சம் நல்ல ஃபோன்."

மண்டபம் சிரித்தது. நம் ஆட்களும் சிரித்தார்கள், ராசா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தர்ஷினி எழும்பி, தானே எழுதியது என்றாள். "எல்லாரும் அதத்தான் மிஸ் சொல்றாங்க" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த தவணைதான் கடைசி, சொந்தமாக எழுதியது இருந்தால் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். கம்பனிக்காரர்கள் கொடுத்த தடித்த அறிக்கையும் அதே மேசையில் இருந்தது. அதைப் படித்துப் பார்த்த தர்ஷினி, பரீனாவின் கடிதத்துக்கும் அதற்கும் நடை ஒன்றுதான் என்கிறாள். எந்தக் குடியிருப்புக்கும் பாதிப்பு வராது என்று அதில் எழுதியிருக்கிறதாம். அதைத் தூக்கிக் காட்டி யாரும் சிரிக்கவில்லையே. ஏன்?

பஸ்ஸில் வரும்போது பரீனா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒங்கட ஃபோன்ல என்ன மகள் போட்டுக் கேட்ட? எங்களுக்கும் சொல்லித் தாங்களே" என்றாள். அவள் மனசில் கள்ளமே இல்லை. தர்ஷினி அடுத்த தரிப்பிலேயே இறங்கி நடந்தாள்.

அன்றிலிருந்து பிள்ளை எழுதுவதில்லை. பத்திரிகையில் கட்டுரை கேட்டார்கள், முடியாது என்றுவிட்டாள். போன கிழமை ஆட்சேபனையை மட்டும் மறுபடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆசையோடு எட்டிப் பார்த்தேன். நல்ல வரிகளையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்ற?"

"ஒடைக்கிறேன் அப்பாயி. ஒடைஞ்சு கெடந்தாத்தான் மனுசன் எழுதினதுன்னு நம்புவாங்க." வெட்டிய தாளை என் பக்கம் தள்ளினாள். பிறகு, "நீங்களே எழுதிக் குடுத்துருங்க. ஒங்க எழுத்த யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்றாள்.

சுருக்கென்று தைத்தது. என் எழுத்து கோணல் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக அழவில்லை. நான் படிக்காததை எண்ணி எண்ணித்தான் உன்னைப் படிக்க வைத்தேன், நீ அவளைப் படிக்க வைத்தாய். இப்போது அந்தப் படிப்பே அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டதா? நான் எழுதிக் கொடுத்தால் வீடு தப்பலாம். அதற்குப் பிறகு அவள் பேனையைத் தொடுவாளா? எழுதாமல் விட்டால் மலை தலையில் விழும். இரண்டில் எதை விடச் சொல்கிறாய், ராசா? நீ இருந்தால் உன் தலையில் போட்டுவிட்டு நான் பேசாமல் இருப்பேன். உன்னை இவ்வளவு சீக்கிரம் அனுப்பிவிட்டு யாரிடம் போய்க் கேட்பேன்?

கேட்க ஆளில்லாமல் நானே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அவள் வெட்டிப்போட்டதை எடுத்துக்கொண்டு போக மாட்டேன். அவள் முதலில் எழுதியது, அந்த நல்ல கடிதம், அதைக் கொண்டுபோய் அந்த மண்டபத்தில் நானே வாசிப்பேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும், நேரம் எடுக்கும். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, இதை அவளுக்குச் சொன்னது இந்த வீட்டுக்காரர், இந்த வரியை எழுத அவள் இத்தனை தாளைக் கிழித்தாள், பக்கத்தில் இருந்து பார்த்தது நான் என்று சொல்வேன். பரீனா வீட்டு வரி வரும்போது பரீனாவை எழும்பி நிற்கச் சொல்லியிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள்.

தர்ஷினியிடம் சொன்னேன். சிரிப்பார்கள் என்றாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. நம்புவார்களா என்று எனக்கும் தெரியாது, ராசா. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உனக்கு வாக்குத் தருகிறேன்: எத்தனை பேர் சிரித்தாலும், உன் மகளின் கடைசி வரியை வாசித்து முடிக்காமல் நான் உட்கார மாட்டேன்.

உன்னைப் பெற்றவள், அவள் எழுதும்போது பக்கத்தில் இருந்தவள்,
உன் அம்மா