முகத்துவாரத்து மூட்டம்

என் பிரியமுள்ள ஜெனி அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு ராயபுரத்தில் முதல் மழைக்காலம். ஜெனி மாமியார் வீட்டிலிருந்து ஞாயிறு தவறாமல் போன் பண்ணுகிறாள். மற்ற நாளெல்லாம் நானும் செபமாலையும்தான். நீங்கள் இருக்கிற இடத்தில் பேச்சுத்துணைக்கு ஆள் உண்டா?

கோயில் காலண்டரில் ஒரு பழங்காலத்து வெளிநாட்டு ஓவியம் வந்ததே, நினைவிருக்கிறதா? ஆறு, மூட்டம், தூரத்தில் மங்கலாக ஒரு கோபுரம். துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பியவர் அதன் முன் நின்று, "இன்னா இது, நம்ம எண்ணூரு மாதிரியே கீது" என்றீர்கள். அதே முறையில் நம் எண்ணூர் முகத்துவாரத்தை வரைகிறேன். கோபுரத்துக்குப் பதில் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி. வண்ணம் கரைக்க வாங்கிய ஆளிவிதை எண்ணெயை வீட்டுக் கணக்கில் எதன்கீழ் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

போனில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் பழுப்பு. அது காய்ந்ததும், எண்ணெயில் கரைத்த வண்ணத்தை அடியில் இருப்பது தெரிகிற மாதிரி மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்து இன்னொன்று. அப்படித்தான் மூட்டம் இறங்கும். சாம்பல் பறந்து வந்து ஒட்டும் என்று ஜன்னலைச் சாத்தினால், காயவே மாட்டேன் என்கிறது.

ஒரு தப்பு செய்துவிட்டேன். மூட்டத்தை முடித்த பிறகுதான் ஆளை வைக்க வேண்டுமாம். நான் உங்களை முதலிலேயே வைத்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே சிநேகிதர் படகை இரவல் வாங்கித் துடுப்புப் போடுவீர்களே, அந்த வெள்ளைப் பனியனோடு. ஒவ்வொரு பூச்சுக்கும் தள்ளித் தள்ளிப் போகிறீர்கள். இன்னும் ஒன்று பூசினால்தான் அது நம் முகத்துவாரம். பூசினால் நீங்கள் இருக்க மாட்டீர்கள். தூரிகையை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

நேற்று மீன்காரச் செல்வி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இன்னும் காயலயா? கருவாடே காஞ்சிருக்கும்!" பிறகு கிட்டே வந்து, "படகுல யாரு, அண்ணனா? வந்துகினு கீறாரா, போய்கினு கீறாரா?"

அத்தனை மங்கலில் அவளுக்கு எப்படித் தெரியும்? நான் வரைந்தது முதுகு. கரையில் நின்ற எனக்கு அதுதானே தெரிந்தது? ஆனால் போகிறார் என்று சொல்ல மனமில்லாமல், "சங்கரா வெச்சிருக்கியா?" என்று பேச்சை மாற்றினேன்.

கல்லறைத் திருநாளுக்குள் பூசிவிடுகிறேன், ஜெனி அப்பா. உங்கள் மேலும் சேர்த்துத்தான். ஈரம் இருக்கும்போதே, துவைத்து மடித்து வைத்திருக்கிற உங்கள் பனியனின் முனையால் அந்த இடத்தை மட்டும் லேசாகத் துடைப்பேன். ஆள் இருப்பது தெரிய வேண்டும். வருகிறாரா போகிறாரா என்பது தெரிய வேண்டாம்.

கரையில் நிற்கும் உங்கள் வீட்டுக்காரி,
ஜெனி அம்மா