என் மேசைப் பிரிண்டர்

நவம்பர் 11, செவ்வாய்

செழியன் என்னைக் கேட்காமலே புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்துவிட்டான். மையத்துக்குத் தலைவராகிவிட்டால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இந்த உழவர் சேவை மையத்தில் முதல் கம்ப்யூட்டரை மாட்டியவன் நான். யாரிடமும் படிக்கவில்லை, கழற்றிக் கழற்றியே கற்றேன்.

புதியதை என்னோடு வேலை பார்க்கும் சின்னப்பெண் சபிஹாவின் மேசையில் வைத்தார்கள். பிரிண்டர் என் பழைய விண்டோஸ் செவன் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அவளும் அச்செடுக்க ஷேர் கொடுத்திருக்கிறேன். அவளிடம் பழையது இருந்தவரை ஒழுங்காக அச்சானது. புதியதோ பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லை என்கிறது.

"ஐயா, உங்க சிஸ்டம் முப்பத்திரெண்டு பிட், இது அறுபத்துநாலு. இதுக்கான டிரைவரையும் உங்க சிஸ்டத்துல ஏத்தணும். பாஸ்வேர்டு போட்டுத் தாங்க, நானே ஏத்திடுறேன்" என்றாள் சபிஹா.

என் சிஸ்டத்தில் எவரும் கைவைக்க வேண்டாம் என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். அந்த இணையதளம் புதியதில்தான் திறக்கும். பதிந்து, படிவத்தை அச்செடுத்து, விஏஓ கையெழுத்து வாங்கி மறுபடி ஏற்ற வேண்டும். வாசல்வரை கூட்டம்.

கேபிளைத் தன் பக்கம் மாற்றட்டுமா என்றாள் சபிஹா. பென்டிரைவில் போட்டுத் தரட்டுமா, உங்களிடமே அச்செடுக்கலாம் என்றாள். எதுவும் வேண்டாம், வைரஸ் வரும் என்றேன். நானே சரிசெய்கிறேன் என்று பிரிண்டரை அடியோடு நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். அதன்பிறகு என்னிடமும் அச்சாகவில்லை.

மற்றவர்கள் அச்செடுக்க பாபநாசத்துக்கு பைக்கில் ஓடினார்கள். சம்பா நட்டிருந்த காளியம்மாள் மட்டும், "ஐயா கை வச்சா சரியாயிரும்" என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் விஏஓ போய்விட்டார், அவள் பதிவு நின்றுபோனது. காளியம்மாள் என்னய்யா ஆச்சு என்றாள்.

"இந்தப் பொண்ணு எதையோ அமுக்கி வச்சிருச்சு."

செழியனும் கேட்கும்படி சொன்னேன். சபிஹா தன் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

நவம்பர் 16, ஞாயிறு

ஆளில்லாத நேரத்தில் போய்த் திறந்தேன். பிரிண்டரை மறுபடி ஒழுங்காகப் போட்டு, அறுபத்துநாலு பிட் டிரைவரையும் என்னுடையதில் ஏற்றினேன். அவள் மேசையிலிருந்து சோதனைப் பக்கம் அழகாக வந்து விழுந்தது. அவள் சொன்னதேதான். வேறொன்றுமில்லை.

அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரிடமிருந்து ஒளித்தேன்?

நவம்பர் 17, திங்கள்

சரிபண்ணிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். "ஐயாகிட்ட அது வாலாட்ட முடியுமா" என்றான் செழியன். சபிஹா என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

நவம்பர் 24, திங்கள்

மூன்று நாளாக மழை. காளியம்மாள் வயலில் நாற்றின் நுனிகூடத் தெரியவில்லையாம். ஈரப் புடவையோடு நேரே சபிஹா மேசைக்கு வந்தாள்.

"எதையோ அமுக்கி என் குடியக் கெடுத்துட்டியேடி. ஒரு போகம் முழுக்கப் போச்சே, காப்பீடும் இல்லாமப் போச்சே."

செழியன் சமாதானப்படுத்தி அனுப்பினான். பிறகு சபிஹாவிடம் அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்றான். நான் பிரிண்டருக்குப் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தேன். அடுக்கிய பேப்பரையே அடுக்கிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

உண்மையைச் சொன்னால் தலையா போயிடும்? — போயிடும் போலத்தான் இருக்கு.

நவம்பர் 28, வெள்ளி

சொல்லிவிட்டேன். காளியம்மாளை வரச்சொல்லி, செழியனையும் நிற்கவைத்து, சபிஹா எதிரிலேயே. அவள் எதையும் அமுக்கவில்லை, வழி சொன்னாள், நான்தான் விடவில்லை என்றேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

காளியம்மாள் கேட்டாள்: "அப்ப அந்தப் புள்ள மேல ஏன்யா பழியப் போட்டீங்க? உங்கள நம்பித்தானே நான் பாபநாசம் போகாம உக்காந்திருந்தேன்."

சபிஹாவை நிறுத்த வேண்டாம் என்று செழியனிடம் சொன்னேன்.

டிசம்பர் 3, புதன்

சபிஹா வேலைக்கு வருகிறாள். இன்று காளியம்மாளும் வந்தாள். என் மேசையைத் தாண்டிப் போய் சபிஹாவிடம் உட்கார்ந்து, வெள்ள நிவாரணத்துக்கு மனு எழுதச் சொன்னாள். என்னவோ பேசினார்கள், சபிஹா காளியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மனு என் பக்கம் அச்சாகி விழுந்தது. எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். காளியம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.