பேய் வீட்டு மாப்பிள்ளை

5 ஜூலை 2009, ஞாயிறு

மேற்கிலிருந்து கச்சான் காற்று. மாடியில் காயப்போட்ட துணியில் பாதி, பக்கத்தில் இருக்கும் என் மூத்தவள் லாத்தா வீட்டு முற்றத்தில். அவளே மடித்துக் கொண்டுவந்தாள். கூடவே சேதி: எங்களோடு பிறந்த மூத்தவர், காக்கா, வியாழக்கிழமை துபாயிலிருந்து வருகிறார்.

"பேய்ப் படம் கொண்டு வாராங்களாம்டி. நம்ம பேய்ப் படம்! பழசு, புதுசு ரெண்டும்."

கேட்டதும் கையிலிருந்த கரண்டியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். நாற்பதை நெருங்குகிறவள், புதிதாக மாமியார் ஆனவள் செய்கிற வேலையா இது. நல்லவேளை, மா. கடைக்குப் போயிருந்தார். மா. என்றால் மாப்பிள்ளை, மகள் ஹசீனாவைக் கட்டியிருக்கும் ரியாஸ். முழுதாக எழுதச் சோம்பல்.

அரிசி ஊறப்போட மறந்துபோனேன். நினைப்பெல்லாம் அந்தக் காலத்தில். டெல்லி டிவி கீழக்கரைக்கு எட்டாது, கடலுக்கு அந்தப் பக்கத்து சிலோன் டிவிதான் வரும். வாப்பா மாடியில் இரும்புக் குழாய் நட்டு ஆண்டெனா கட்டினார்கள். காக்கா மேலே ஏறித் திருப்புவார். "தெரியுதா?" "தெரியல!" "இப்ப?" "ஒரு பேய் ரெண்டாத் தெரியுது!"

கறுப்பு வெள்ளை. ஒட்டடை பங்களா. பேய் வாப்பா, பேய் உம்மா, முழி பிதுங்கின பிள்ளைகள். எல்லாரும் பாசக்காரர்கள். விருந்துக்கு வருகிற மனிதர்கள்தான் அலறி ஓடுவார்கள். பேச்சு இங்கிலீஷ், கீழே எழுத்து சிங்களம், எங்களுக்கு இரண்டும் தெரியாது. சத்தத்தைக் குறைத்துவிட்டு நாங்களே பேசுவோம். காக்கா பேய் வாப்பா. நான் பேய் உம்மா. மிச்சம் மீதி எல்லாரும் லாத்தா.

ஒரே ஒருவருக்கு மட்டும் குரல் கிடையாது. தொப்பி போட்ட ஒல்லி மனிதர், மாடியிலிருந்து இறங்கி வருவார், வாயே திறக்கமாட்டார். முதல் தட்டு அவருக்குத்தான். அவர் ஒரு வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். யார் இவர்? எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. மாப்பிள்ளை! எங்கள் ஊரில் கல்யாணமானால் பெண் புருசன் வீட்டுக்குப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். மாடி அறை, முதல் தட்டு, வாய் பேசாமை. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

7 ஜூலை, செவ்வாய்

காலையிலிருந்து கரண்டு இல்லை. விளைமீன் நல்லதாகக் கிடைத்தது. வாங்க வேண்டியது: தேங்காய், முட்டை, ஏலக்காய், காக்காவுக்குப் பிடித்த தொதல் அல்வா.

ஹசீ அடுப்படியில் வந்து நின்றாள். முகம் சரியில்லை.

"உம்மா, அவங்க ராம்நாட்டுல வாடகைக்கு வீடு பாக்குறாங்க."

"எதுக்கு? கடைக்குப் பக்கமா இருக்கும்னா?"

"இல்ல உம்மா. இங்கன இருக்க முடியலையாம். அதுக்கு மேல கேட்டா பேச மாட்டேங்குறாங்க."

மீன் ஆய்ந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. அவள் பேரில் கட்டின வீடு இது. இவள் வாப்பா தோஹாவில் வெயில் குடித்துக் கட்டினது. மா.வுக்கு என்ன குறை வைத்தோம்? வேளாவேளைக்கு ஆறு வகை, தட்டை மூடி மாடிக்குப் போகிறது. அவர் சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்குச் சோறு. மரியாதைக்காக இன்றுவரை நான் அவர் முன்னால் வந்ததில்லை, திரைக்குப் பின்னால்தான். என் குரல்கூட அவருக்குத் தெரியாது. அவர் படியிறங்கும் சத்தம் கேட்டால் நாங்கள் சிரிப்பை முழுங்கிவிடுவோம். நான் சிரிப்பை முழுங்குவது லேசுப்பட்ட காரியமா?

பிள்ளை போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன்? அழுதேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

மாலையில் கரண்டு வந்தது.

9 ஜூலை, வியாழன்

காக்கா வந்தாச்சு. வயிறு முன்னால், அத்தர் வாசம் பின்னால். தைலம், பாதாம், போர்வை, எனக்கு மிக்ஸி. அடியில் சட்டைக்குள் சுருட்டி இரண்டு டிவிடி.

லாத்தா வாசலிலேயே எச்சரிக்கை: "மாப்புள முன்னாடி பேயாட்டம் போட்டுறாதீங்க காக்கா. ஏற்கனவே அவர் போறேன் போறேன்னு நிக்கிறாரு."

"நான் என்ன பச்சப் புள்ளையா?"

ஆமாம் என்று யாரும் சொல்லவில்லை.

10 ஜூலை, வெள்ளி

ஜும்மா தொழுகை முடிந்து சாப்பாடு. வழக்கம்போல மா.வுக்கு மாடியில் முதல் தட்டு. பாதி திரும்பி வந்தது.

பிறகு காக்கா அவரைக் கையைப் பிடித்து டிவி முன்னால் உட்காரவைத்தார். நானும் லாத்தாவும் உள் அறையில், திரை இடுக்கு வழியாக. நிலைப்படியில் ஹசீ. காலேஜ் படித்தவள், இங்கிலீஷ் எழுத்தை வாசித்துச் சொல்ல.

முதலில் புதுசு. கலர். கண் கூசுகிற கலர். ஒட்டடைகூட வீட்டு ஒட்டடை மாதிரி இல்லை. தொப்பிக்காரர் வாய் ஓயாமல் பேசுகிறார், நடுவில் ஒரு டான்ஸ் வேறு. லாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "வாயத் தொறக்காத மனுசன இப்புடி ஆட வச்சுட்டானுவளே! நல்லாருப்பானுவளா?" பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டோம்.

அப்புறம் பழசு. அந்தப் பாட்டு வந்ததும் எனக்குப் பதினாலு வயது. அதே பங்களா, அதே படிக்கட்டு. லாத்தா என் கையைக் கிள்ளினாள், நானும் கிள்ளினேன். அவ்வளவு சந்தோசம்.

சாப்பாட்டுக் கட்டம் வந்தது. ஹசீ வாசித்தாள். வாசித்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"உம்மா, அவர் சமையக்காரராம். சோத்துல விசம் இருக்கான்னு பாக்கத்தான் மொத தட்டு அவருக்காம்."

காக்காவின் சிரிப்பு, வீடே அதிர. தொடையைத் தட்டிக்கொண்டு மா.விடமே சொல்லிவிட்டார்:

"இத்தன வருசமா நாங்க அவன மாப்புளன்னுல்ல நெனச்சோம்! மாடில இருக்கான், மொத தட்டு போவுது, வாயத் தொறக்க மாட்டேங்குறான். அப்ப மாப்புளதானேன்னு!"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது. சிரிப்பு அப்படியே தொண்டையில்.

மா. எழுந்தார். "நான் கொஞ்சம் மேல போறேன் மாமா." போய்விட்டார்.

சாயந்தரம் அனுப்பின தேத்தண்ணி ஆறித் திரும்பி வந்தது. ஹசீ என்னோடு பேசவில்லை. காக்கா தலையில் கைவைத்து, "என் வாயில மண்ணு, என் வாயில மண்ணு." போட்டாலும் தகும் என்றிருந்தது எனக்கு. இனி வாடகை வீடுதான். பிள்ளையை நாங்களே சிரித்து அனுப்பிவிட்டோம்.

11 ஜூலை, சனி

காற்று அடங்கவில்லை. புழுதி. மனசும் அப்படியே.

சாயந்தரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மா. கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். மாடிக்குப் போகவில்லை. காக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாமா, அந்தப் பழச மறுபடி போடுவமா? சத்தமில்லாம. சின்ன வயசுல நீங்களே பேசுவீங்களாமே, ஹசீனா சொன்னா."

காக்கா எங்கள் திரைப் பக்கம் பார்த்தார். திரைக்குப் பின்னால் நானும் லாத்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கேலியா, கோபமா, ஒன்றும் விளங்கவில்லை.

போட்டார். காக்கா தயங்கித் தயங்கிப் பேய் வாப்பா பேசினார். பேய் உம்மாவுக்கும் லாத்தாதான் குரல். நான் மாமியார், சத்தம் போடக்கூடாது. ஆனால் லாத்தா பேசினதைக் கேட்கணுமே, காய்ச்சல் கண்ட ஆடு மாதிரி. பேய் உம்மா அப்படியா பேசுவாள்? எவ்வளவு நேரம்தான் பொறுப்பது.

"அப்புடி இல்ல லாத்தா!" என்று ஒரு கத்து. மாமியார் மரியாதை அதோடு போச்சு.

டிவியில் சாப்பாட்டுக் கட்டம். தொப்பிக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்திருக்கிறார். நான் பழைய குரலை எடுத்தேன், வீதிக்கே கேட்டிருக்கும்:

"என்ன மாப்புள, ஒரு வாயோட எந்திரிச்சுட்டீங்க? கறி புடிக்கலையா?"

அந்த நாளில் இதற்குப் பதில் வராது. இன்று வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு பேய்க் குரல்.

"கறி நல்லாத்தான் இருக்கு மாமி. தனியா உக்காந்து தின்னா எறங்க மாட்டேங்குது."

மா.தான். டிவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"எங்க வீட்டுல எல்லாரும் ஒரே பெரிய தட்டுல, ஒரே சகன்ல கைய வப்போம். ஒருத்தர் சோத்த ஒருத்தர் புடுங்கித் திம்போம். இங்கன கீழ நீங்கள்லாம் சிரிக்கிறது மாடிக்குக் கேக்கும். ஆசையா எறங்கி வருவேன். வந்தா நின்னுரும்."

மரியாதை மரியாதை என்று பச்சைப் பிள்ளையை மாடியில் ஒற்றையாக உட்காரவைத்துத் தட்டை மூடி மூடி அனுப்பியிருக்கிறேன். குறை என்ன என்று கேட்டேனே, நானேதான் குறை.

பேய் உம்மாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஏதாவது பேசியாகணும்.

"அப்ப நாளைக்குக் கீழ வாங்க மாப்புள. ஆனா ஒண்ணு, எங்க வீட்டுல சத்தம் ஜாஸ்தி, மானம் மரியாதையெல்லாம் கம்மி."

"பரவால்ல மாமி. நான் செத்து ரொம்ப நாளாச்சு."

காக்கா சோபாவிலிருந்து சரிந்தே விழுந்துவிட்டார். லாத்தாவுக்குச் சிரிப்பில் விக்கல். ஹசீ சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை, இரண்டும்தான் போல. மா. சிரித்து இன்றுதான் கேட்கிறேன். குதிரை கனைப்பது மாதிரி இருக்கிறது. இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாரோ.

12 ஜூலை, ஞாயிறு

காற்று கொஞ்சம் குறைவு. நெய்ச்சோறு, கறி, தாளிச்சா, இனிப்புக்கு வட்டிலாப்பம். வட்டிலாப்பம் ஓரத்தில் லேசாக அடிப்பிடித்தது, சொல்லவில்லை.

காலையில் படிக்கட்டில் மா. போனில் பேசியது காதில் விழுந்தது. "இல்லங்க, வேற ஆளுக்குக் குடுத்துருங்க. எனக்கு இங்கன வீடு இருக்கு." பால் பொங்கியதைக் கவனிக்கவில்லை. பொங்கட்டும்.

மதியம் நடுக்கூடத்தில் பாய். நடுவில் பெரிய சகன். சுற்றி காக்கா, லாத்தா, மா., ஹசீ. எலும்புக்குக் காக்காவும் மா.வும் அடிதடி. "ஏலே, அது என் பக்கம்!" "உங்க பக்கம்னு எழுதியா இருக்கு மாமா?" நான் கரண்டியோடு திரைக்குப் பின்னால். பழக்கம் ஒரே நாளில் போகுமா. அங்கிருந்தே கறி வேணுமா சோறு வேணுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மா. எழுந்து வந்தார். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் திரையை விலக்கினார். முகத்துக்கு நேரே.

"வாங்க மாமி, வந்து உக்காருங்க. பேய் வீட்டுல என்ன வெக்கம்?"

போய் உட்கார்ந்தேன். வட்டிலாப்பம் எனக்கு மிஞ்சவில்லை.