பெண்கள் பக்கத்துச் சுவர்

அன்பு மகள் அஜிதாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீ மஸ்கட்டில் நல்ல சுகத்தோடு வேளாவேளைக்குச் சாப்பிட்டு இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, நான் முக்கால்வாசி சுகம் என்று எழுதுகிறேன், மீதிக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அவளைப் பற்றி அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது. மஸ்கட்டில் வேலை பார்க்கிற நம் காலனிப் பையன் பிரவின்ராஜ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் அச்சுமுறுக்கோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், எட்டாங்கிளாஸ் வாத்தியாரும் அப்படித்தான் என்னைப் பொறுத்துக்கொண்டார்.

நம் காலனியில் பொதுக் கக்கூஸ் கட்டி முடித்த போட்டோ அனுப்பியிருந்தேன் அல்லவா. அயல்கூட்ட மகளிர் குழுப் பெண்கள் கார்ப்பரேஷனுக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கினார்கள், வீட்டுக்கு ஒரு ஆள் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் மண் சுமந்தோம், டைல் வேலை முழுக்க நான். ஆண்களுக்கு மூன்று, பெண்களுக்கு மூன்று, உள்ளே குழாயும் லைட்டும். என்னைக் கமிட்டி பிரசிடெண்ட் ஆக்கினார்கள், வேண்டாம் என்று வாய் திறப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். சாலைக் கடைத்தெருவுக்கு வந்து போகிறவன் எல்லாம் நம் புதுச் சுவரின் வெளிப்பக்கத்தில் நின்று மூத்திரம் அடித்தான். ஊரெல்லாம் செய்கிற வைத்தியம்தானே என்று முத்தாரம்மன், வேளாங்கண்ணி மாதா, பள்ளிவாசல் என்று மூன்று படம் போட்ட டைலை வரிசையாகப் பதித்தேன். மறுநாள் ஒருத்தன் நிற்கவில்லை. அன்றைக்கு டீக்கடையில் நான் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தவர்கள் என்னை மந்திரி என்றே நினைத்திருப்பார்கள்.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் பெண்களின் கக்கூஸ் என்பது மட்டும் பிரசிடெண்டுக்குத் தோன்றவில்லை. முதலில் கோடிவீட்டு விஜயம் ஒரு விளக்கு வைத்தாள். பிறகு பூ வந்தது, ஊதுபத்தி வந்தது, மெழுகுவத்தி வந்தது. வீட்டுக்குத் தூரமான நாட்களில் பெண்கள் அங்கே போகக் கூடாது என்றார்கள், பத்து நாளில் எந்த நாளும் போகக் கூடாது என்று ஆகிவிட்டது. சாமிக்க முதுகுக்குப் பின்னால எப்படி அண்ணாச்சி உக்காருகது என்று எதிர்வீட்டு ஜெஸ்லின் என்னிடமே கேட்டாள். ஆண்கள் பக்கம் வேறு சுவர், நாங்கள் ராஜா மாதிரி போய் வந்தோம். பெண்கள் பழையபடி விடியும் முன் ஓடைப்பக்கம் தோட்டங்கரைக்கு. அம்மாவுக்கு முட்டுவலி, அந்தச் சரிவில் இறங்க முடியாது, அதற்கு அவள் கண்டுபிடித்த வழி தண்ணீர் குடிப்பதையே நிறுத்துவது. ஏற்கெனவே சர்க்கரை. போன மாதம் குளிர்காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னது பொய், மூத்திரத்தில் சீழ் வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மலையாளத்து டாக்டரம்மா என்னைப் பார்த்து, வெள்ளம் குடிக்காதெ இருந்நால் கிட்னி போகும், வீட்டில கக்கூஸ் இல்லேயா என்று கேட்டார். அதைக் கட்டினதே நான்தான், மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்ததும் கூட்டம் போட்டேன். டைலை எடுக்க எல்லாருக்கும் சம்மதம், ஆனால் முதலில் அடுத்தவர் சாமியை எடுக்க வேண்டுமாம். மூன்று வாரம் இதே பேச்சு. அம்மன் மேல உளி பட்டுச்சுன்னா உம்ம கை வெளங்காது பாத்துக்கிடும் என்று விஜயம் சொன்னாள். பயமாகத்தான் இருந்தது, கையை வைத்துத்தானே பிழைக்கிறேன். ஒரு நாள் யாரும் பார்க்காதபோது மெல்லத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நான் ஒட்டின டைல் முப்பது வருசத்தில் ஒன்று பெயர்ந்ததில்லை என்று பெருமை அடிப்பேனே, அந்தப் பெருமை அங்கே சிரித்துக்கொண்டு நின்றது. உடைத்தால்தான் வரும், உடைத்தால் காலனியில் குடியிருக்க முடியாது. உன் அம்மா சொன்னாள், பெயராத டைலு ஒட்டுக மனுசன், கெட்டின பொண்டாட்டி போறதுக்கு ஒரு கக்கூசு தொறந்து குடுக்க முடியல்லியே. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

கடைசியில் போன ஞாயிறு கட்டர் மிஷினை வாடகைக்கு எடுத்து, டைலைத் தொடாமல் சுற்றிலும் செங்கல்லோடு சேர்த்துச் சுவரையே அறுத்தேன். மூன்று சாமியும் ஒரே பலகையாக ஒன்றாகவே இறங்கியதால் யார் முதல் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. ஆறு பேர் தூக்கிச் சந்துமுனையில் நட்டோம், விஜயம் விளக்கை அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு கூடவே வந்தாள். சுவர் ஓட்டையை அன்றே அடைத்துவிட்டேன். அதன்பிறகும் ஒரு பெண் எட்டிப் பார்க்கவில்லை. சாமி இருந்த சூடு இன்னும் ஆறல்லியாம். எனக்கு வந்த கோபத்துக்கு பிரசிடெண்ட் வேலையை அந்தக் கக்கூஸ் தொட்டியிலேயே போட்டு மூடியிருப்பேன்.

நேற்றுக் காலை பட்டப்பகலில், குழாயடியில் அத்தனை பேரும் நிற்கும்போது, அம்மா வாளியை எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நடந்துபோய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்து, என்னெளா பாக்கிய, உள்ள நல்ல காத்து வருகு என்று மட்டும் சொன்னாளாம். இன்று ஜெஸ்லின் போனாள். மற்றவர்கள் இன்னும் தோட்டங்கரைக்குத்தான் போகிறார்கள், நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ வெயிலில் வேலைக்குப் போகிற பெண், கூச்சப்பட்டு எதையும் அடக்கி வைக்காதே. போன் பண்ணும்போது அம்மாவிடம் தண்ணீர் குடித்தாயா என்று நீயாகக் கேட்பதுபோல் கேள், நான் கேட்டால் சண்டைக்கு வருகிறாள். நான் எழுதினதாகச் சொல்லிவிடாதே. மூன்று சாமியும் உன்னைக் காக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு மகளே.

அன்புள்ள அப்பா,
பிச்சைக்கனி
திருவனந்தபுரம்