ஒரு கைக்கு அமைந்த திரை

அன்புத் தங்கை சுகந்தி,

இம்மடலை நீ வேலை செய்த அச்சக வாயிலில் நின்று உரக்கப் படிக்கிறேன். துறைமுகத் தெருக்களில் திருமண அழைப்பும் திருவிழாச் சுவரொட்டியும் இவள் கையால் பெற்ற பெருமக்களே, நீங்களும் கேளுங்கள். சுகந்தி தன் கணினித் திரையில் கருவிகளைத் தனக்கேற்ப அடுக்கி அமைத்த பணிவெளியை இன்று அழிக்கப் போகிறார்கள்.

போர் உன் வலக்கையைக் கொண்டுபோனது. ஒரு கையால் விசையை அழுத்தி மறு கையால் சுட்டியை நகர்த்தச் சொன்னது படத்தொகுப்பு மென்பொருள். நீ பணியவில்லை, அதைப் பணிய வைத்தாய். வேண்டாத பலகங்களை மூடினாய். கருவிப்பட்டியைப் படத்தருகே இழுத்தாய். ஒவ்வொரு வேலையையும் ஒரே சொடுக்கில் முடியும் பொத்தானாக்கினாய். அவற்றுக்குப் பெயர் சூட்ட மேடைப் பேச்சாளனான என்னை அழைத்தபோது, "பின்னணி அகற்றல்" என்று தொடங்கினேன்.

"அண்ணை, அது மேடைக்குச் சரி. பொத்தானுக்குள்ள அடங்க ஏலாது. நான் 'கழுவு' எண்டு போடுறன்."

எந்த மேடையிலும் எவரும் என்னை இவ்வளவு சுருக்கமாக வென்றதில்லை.

உன் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்தாயா? இறந்தோர்க்குப் பட்டுடுத்த அச்சகத்தில் எப்போதும் வைத்திருக்கும் தலையில்லா உடற்படமொன்றின் மேல் உன் முகத்தைப் பொருத்திவிட்டார்கள். மடியில் இரண்டு கைகள். யாருடைய கை அது, தங்கையே? பேருந்து நிலையச் சுவரெங்கும் அயலவள் கையோடு நீ சிரிக்கிறாய். அழகுக்காகச் செய்தார்களாம்.

அதே அழகு இன்று உன் திரைக்கும் வருகிறது. காலையில் புதிய முதலாளி வந்து நின்றார். உன் இருக்கையில் இப்போது கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வந்த பர்சானா.

"எல்லாக் கொம்பியூட்டரும் ஒரே மாதிரி இருக்கோணும். இதை ரீசெற் பண்ணுங்கோ, பிள்ளை."

"ரெண்டு கையும் உள்ள எனக்கே இதுதான் சுகம், முதலாளி. மற்றக் கையால தேத்தண்ணியும் குடிக்கலாம்."

"தேத்தண்ணி குடிக்கவோ உங்களை வச்சிருக்கிறன்? கடை பூட்ட முன்னம் செய்து முடியுங்கோ."

ஒரே மாதிரியாம். யாருடைய மாதிரி? இரண்டு கை உள்ளவர்கள் தமக்காக வரைந்த மாதிரி. அதற்குள் அடங்காதவள் உயிரோடிருந்தவரை அவளைப் பொறுத்துக்கொண்டார்கள். இறந்ததும் அவளுக்கொரு கை ஒட்டினார்கள். இப்போது அவள் திரையையும் திருத்துகிறார்கள். இதை நான் ஒப்பமாட்டேன். ஒப்புகிறவர் எவரேனும் இத்தெருவில் இருந்தால் என் எதிரே வந்து சொல்லட்டும்.

சுகந்தி, உனக்கு ஓர் உறுதி தருகிறேன். வெறுமையான சட்டைக்கை தொங்க நீ கடற்கரையில் சிரித்து நிற்கும் படம் என் கையில் இருக்கிறது. அதன் பின்னணியைக் கழுவி அச்சிட்டு, பேருந்து நிலையத்தின் பொய்ச் சுவரொட்டி ஒவ்வொன்றின் மேலும் நானே ஒட்டுவேன்.

முதலாளி அவர்களே, இப்பணிவெளியைச் சுகந்தியின் பெயரிலேயே சேமியுங்கள். நாளை அல்ல, கடை பூட்டுமுன். பர்சானா, இதோ படம். திறவுங்கள். 'கழுவு' பொத்தானை அழுத்துங்கள், இப்போதே.

உன் உடன்பிறவா அண்ணன்