நீ வாங்கிப் போட்ட அலுமினியம் பிளாக்

மாப்ள, நம் பட்டறை மூலையில் ஒரு மரப்பெட்டி கிடக்கிறது. பக்கத்தில் போனாலே புது எண்ணெய் வாடை. உள்ளே அலுமினியம் எஞ்சின் பிளாக், உன் ஜீப்புக்கு. நீ ஆர்டர் போட்டது, நீ கண்ணை மூடி மாசக்கணக்கு ஆன பிறகு போன வாரம்தான் நம் காளவாசல் பட்டறைக்கு வந்து இறங்கியது. கூட்டாளியிடம் ஒரு வார்த்தை சொன்னாயா, கள்ளப்பயலே? சொன்னால் தடுத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

எத்தனை வருஷச் சண்டை இது. அலுமினியம் இரும்பு பிளாக்கில் பாதிக் கனம்தான், முன்பாரம் குறைந்தால் வண்டி பறக்கும் என்பாய். "பறந்துட்டு எங்கடா இறங்குவ?" என்பேன். டீக்கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாய். பந்தய வண்டிக்கு அது சரிதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். சூட்டையும் சீக்கிரம் வெளியே தள்ளும். ஆனால் உன் ஜீப்பை இப்போது ஓட்டுவது உன் மகள். விடிந்ததும் சோழவந்தான் போய் வெற்றிலைக் கட்டு ஏற்றி வந்தால்தான் உன் வீட்டில் அடுப்பு எரியும். வழியில் தண்ணீர் குறைந்து ஒருதரம் கொதித்தால் இரும்பு ஓரளவு பொறுக்கும்; அலுமினியம் வளைந்துகொள்ளும். உள்ளே பிஸ்டன் ஓடுகிற லைனர் குழாய் அசைந்துவிட்டால் அதைச் சரிசெய்யத் தெரிந்த லேத்துக்காரரைத் தேடி அலைய வேண்டும். அதுவரை வெற்றிலை காத்திருக்குமா?

பழைய இரும்பு எஞ்சின் புகை கக்கியதால் அதை இறக்கி வைத்திருந்த நேரம். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். புது பிளாக்கைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"அத்தா ஆசைப்பட்டு வாங்குனது மாமா. நீங்க மாட்டிக் குடுத்தா ஓடாமயா போகும்?"

சரி, போல்ட் ஏறுகிற மரை எப்படி இருக்கிறதென்று பார்ப்போமே என்று ஓரத்தில் ஒரு போல்ட்டை விட்டு முறுக்கினேன். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டுகிற ஸ்பேனர் நம்மிடம் இருக்கிறது, உறையை விட்டு எடுத்ததுதான் இல்லை. போல்ட் இறுகி நின்ற பிறகும் கை தானாக இன்னொரு இழுப்பு இழுத்தது. "தைரியத்துக்கு ஒண்ணு" என்று நீ இழுப்பாயே, அதே இழுப்பு. நம் பட்டறையில் எல்லார் கையிலும் ஏறிப்போன பழக்கம். இரும்பு இத்தனை காலம் தாங்கியது. அலுமினிய மரை சுருள் சுருளாகக் கையோடு வந்துவிட்டது.

நான் போல்ட்டைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன், உன் மகள் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே அழுகிறாள்.

"அத்தா இழுக்குற மாதிரியே இருந்துச்சு மாமா. நீங்க பழசையே போட்டுக் குடுங்க."

பழைய பிளாக்கைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு, இன்று எஞ்சினை ஏற்றிவிட்டேன். நாளை வெற்றிலைக்குப் போகிறாள். வண்டி வழியில் நின்றால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன். ஒவ்வொரு போல்ட்டையும் நான் ஒருமுறை இறுக்கினேன், உனக்காக ஒருமுறை இழுத்தேன். நீ போய்விட்டாய் என்று ஊரே சொல்லட்டும் மாப்ள, என் வலது கை அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.